கடற்காகத்துக்கு எண்பத்தெட்டு சதவீதம்

கவாலா,
மே 7

மதிப்பிற்குரிய, மூத்த (ஆறே மாதத்தால் மூத்த) அக்கா மிர்சோவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. யாரும் சாகவில்லை. என் போன் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. அம்மாவின் அலமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் அதை அடக்கம் செய்திருக்கிறார்கள். பள்ளி மூடும்வரை உயிர்த்தெழாதாம்.

குற்றம் என்னவென்று கேட்பாய். எங்கள் பள்ளி மணியை ஒரு கிழட்டுக் கணினி அடிக்கிறது. அதன் கடவுச்சொல் 1234. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, நீயே சொல்! மணிச் சத்தத்தை எடுத்துவிட்டுக் கப்பல் ஊதலைப் போட்டேன், அவ்வளவுதான். மூன்றாவது பீரியட் முடிந்ததும் துறைமுகமே வகுப்புக்குள் நுழைந்ததுபோல் ஒரு ஊதல். கணக்கு வாத்தியார் தீவுக்காரர் இல்லையா, பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை ஓடிவிட்டார். அப்புறம்தான் தான் ஆசிரியர் என்பது அவருக்கு நினைவு வந்தது.

ஆகவே இனி கடிதம். லெஃப்தெரிஸ் மாமா உங்கள் தீவுக் கப்பலின் கேன்டீனில் காபி ஊற்றும்வரை நமக்குத் தபால்காரர் தேவையில்லை. போகும்போது என் கடிதம், வரும்போது உன் கடிதம். கூடவே கூடைச் சீஸ் வந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது செய்திக்கு வருகிறேன். எங்கள் டியூஷன் சென்டரில் ஒரு புது மென்பொருள் வந்திருக்கிறது. பெயர் ‘திசைகாட்டி’. உங்கள் தீவுக் கிளையிலும் வந்திருக்குமே? அடுத்த வருஷம் கடைசி வகுப்பு. மனிதவியலா, அறிவியலா, சுகாதாரமா, பொருளாதாரம்-கணினியா என்று நாம் தலையைச் சொறிய வேண்டாமாம். அது நம்மைக் கேள்வி கேட்டு, நமக்குப் பொருத்தமான பிரிவைச் சதவீதத்தோடு சொல்லிவிடுமாம். மார்க்கைக்கூடக் கேட்காது. குணத்தை வைத்தே சொல்லுமாம். மென்பொருள் என்று பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி. பொருள் இருக்கிறதோ இல்லையோ, ஆளை நன்றாக மென்று துப்புகிறது.

எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. உனக்கு அந்தக் கவலை இல்லை. கால்நடை மருத்துவம், அதற்குச் சுகாதாரப் பிரிவு என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டவள் நீ. நான் பத்துக் கேள்விக்கு நானாகவே பதில் சொன்னேன். அதற்குள் எனக்கு என்மேல் சலிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் ஒரு கடற்காகம் உட்கார்ந்திருந்தது. கீழே பெஞ்சில் யாரோ பாதி தின்று வைத்த சீஸ் பஃப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் இருந்த தெளிவு என் முகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. சரி, தெரிந்தவர் பதில் சொல்லட்டும் என்று மீதிக் கேள்விகளை அதனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

‘உணவைப் பிறரோடு பகிர்வீர்களா?’ ஒருபோதும் இல்லை. ‘எங்கே அமர்ந்து சிந்திக்க விரும்புவீர்கள்?’ உயரமான இடத்தில். ‘வாய்ப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?’ கொத்திக்கொண்டு பறப்பேன்.

முடிவு சனிக்கிழமை. சிரிக்கத் தயாராக இரு.

இப்படிக்கு,
நம் பெயரின் பின்பாதி,
சினி

பி.கு.: உறையின் மேல் உன் முழுப் பெயரை எழுதும்போது என் பெயரையே எழுதுகிறேன். நம் அப்பாக்கள், அண்ணன் தம்பி இருவரில் ஒருவராவது தங்கள் அம்மா பெயரை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா? மாமா ஏற்கனவே ‘இது போகுதா வருதா?’ என்று கேட்டுவிட்டார்.


லெம்னோஸ்,
மே 11

சினி,

உன் போன் அடங்கிப்போன செய்தி சித்தி மூலம் தெரிந்தது. நான்கு நாளாகக் காற்று. கப்பலுக்குத் தடை போட்டிருக்கிறார்கள். நாளை எடுப்பார்கள் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதனால் இன்றே எழுதி வைக்கிறேன்.

திசைகாட்டியின் முடிவு வந்துவிட்டது. மூடிய உறையில், என் பெயர் அச்சிட்டு.

பொருளாதாரம்-கணினி: எண்பத்தெட்டு. சுகாதாரம்: ஒன்பது.

நான் தப்பாக எழுதவில்லை. ஒன்பதுதான்.

கீழே விளக்கமும் போட்டிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். ‘சுதந்திர மனப்பான்மை மிக்கவர். வாய்ப்பை நொடியில் கண்டறிந்து கைப்பற்றும் திறன் உண்டு. உயரமான நிலையில் இருந்து சூழலைக் கண்காணிக்க விரும்புகிறார். பகிர்ந்துகொள்வதில் நாட்டம் இல்லை. பிறரின் துன்பம் இவரைப் பாதிப்பதில்லை.’

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சுற்றுலாக்காரர்களுக்கான அறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“உயரத்துலேர்ந்து கண்காணிக்கிறாளாம்! கேட்டியா? முதலாளி குணம்டி இது! நான் இருவது வருஷமா இந்த ரூமுங்களக் கட்டிக்கிட்டு அழுவறேன், எனக்கு வரல. உனக்குப் பிறவியிலயே இருந்திருக்கு.”

“அப்பா, எனக்குக் கால்நடை மருத்துவம்தான...”

“அது ஆசைம்மா. ஆசை வேற, பொருத்தம் வேற. மனுசன் உன் மூஞ்சியப் பாத்துட்டு நல்லதாச் சொல்லுவான். இதுக்கு நீ யாரு, நான் யாரு? அது எதுக்குப் பொய் சொல்லணும்?”

நான் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். உனக்குத்தான் தெரியுமே. நம் பெயரைப் பங்கு போட்டபோது வாயெல்லாம் உன் பக்கம் வந்துவிட்டது.

மாதக் கடைசிக்குள் அப்பா டியூஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஜூனில் கோடை வகுப்பு தொடங்குகிறது. சுகாதாரப் பிரிவுக்கு இங்கே ஒரே ஒரு சின்ன வகுப்பு. இடம் நிரம்பிவிட்டால் அவ்வளவுதான். தனியாக உயிரியல் சொல்லித்தர இந்தத் தீவில் வேறு ஆள் இல்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அப்பா நம்பியது எனக்கு வருத்தம் இல்லை. நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன், அதுதான். ராத்திரி படுத்துக்கொண்டு அந்தத் தாளில் என்னைத் தேடினேன். தேடினால் கிடைக்கிறது. போன வாரம் கடைசித் துண்டு கேக்கை நான்தான் தின்றேன், தம்பிக்குக் கொடுக்கவில்லை. போன கோடையில் நீங்கள் வந்திருந்தபோது பக்கத்து வீட்டு நாய் செத்ததே, எல்லோரும் அழுதீர்கள், நான் அழவில்லை. குழி வெட்டினேன். பிறரின் துன்பம் பாதிக்காதவள் என்றால் அதுதானோ?

உனக்கு என்னைப் பற்றித் தெரியும். விளையாடாமல் பதில் சொல்.

மிர்சோ


கவாலா,
மே 14

அக்கா! அடியே அக்கா!

அது நீ இல்லை. அது நான்! நான்கூட இல்லை, அது அந்தக் கம்பத்துக் கடற்காகம்!

இந்நேரம் என் முதல் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். உயரமான இடம், கொத்திக்கொண்டு பறப்பது, பங்கு தராதது எல்லாம் ஒரு பறவை சொன்ன பதில்கள். பெரியப்பா முதலாளி குணம் என்று மெச்சினாரே, அந்த முதலாளி இப்போதும் எங்கள் பெஞ்சுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எண்பத்தெட்டு சதவீதம் கிடைத்த செய்தியைச் சொன்னேன், என் செருப்பின் மேல் கருத்து தெரிவித்தார். காகத்துக்கு இதமாக வந்திருப்பதால்தான் அது காகிதம், தெரிந்துகொள்.

நாய் செத்தபோது நீ குழி வெட்டினாய். நாங்களெல்லாம் அழுதுகொண்டு நின்றோமே, யாருக்காவது மண்வெட்டி எடுக்கத் தோன்றியதா? இதுகூடப் புரியாமல் ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறாய். லூசு!

இங்கே நடந்ததைக் கேள். சனிக்கிழமை எனக்கும் ஒரு உறை வந்தது. அம்மா பிரித்தாள், படித்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பொறுமை, ஆழ்ந்த சிந்தனை, பிறர் வலிய உணர்ற மனசு...” என்று வாசித்தாள். “ஏன்டி, இதெல்லாத்தையும் இவ்வளவு நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?”

“போர்வைக்கு அடியில பாருங்க, போன் பக்கத்துல இருக்கும்.”

அவள் திட்டக்கூட இல்லை. நேராகக் கடைக்குப் போய் ஒரு பெரிய பெட்டி குராபியே பிஸ்கட் வாங்கிவந்து, மாடி மாடியாக ஏறிப் பங்கு வைத்தாள். மனிதவியல் எண்பத்தொன்று, வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்று ஒவ்வொரு வாசலிலும் அறிவிப்பு. எதிர்வீட்டுக் கிழவர் மூக்கெல்லாம் சர்க்கரைத் தூளோடு என்னிடம் வந்து வாடகைத் தகராறுக்கு ஆலோசனை கேட்டார். கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வக்கீல் உத்தியோகம் வசதியாகத்தான் இருந்தது.

உன் கடிதம் வந்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. உடனே டியூஷனுக்கு ஓடினேன். அலுவலகத்தில் அர்கிரோ மேடம்.

“மேடம், இந்தத் தாள் என்னுது இல்ல.”

“என்ன பேரு போட்டிருக்கு?”

“மிர்சினி வூர்லா.”

“உன் பேரு என்ன?”

“மிர்சினி வூர்லா.”

“அப்புறம் என்னடி உனக்கு? போ போ, எனக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு.”

“மேடம், அப்பா பேரப் பாருங்க.”

கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். தாளைத் திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“அப்பா பேருக்குக் கட்டமே இல்லையே! எந்த ஊர்க்காரன்டி இதச் செஞ்சான்?”

“வடக்க எங்கயோ மேடம்.”

“அங்கெல்லாம் அண்ணன் பொண்ணும் தம்பி பொண்ணும் ஒரே பேருல இருக்க மாட்டாங்களா?”

“அங்க நாய்க்கும் பூனைக்கும்கூட வேற வேற பேரு வப்பாங்க மேடம்.”

“கேடு கெட்டவங்க” என்றார் மேடம். தன் தாயாரின் பெயரைத் தன் அண்ணன்கள் மூவரும் ஆளுக்கொரு மகளுக்கு வைத்திருப்பதாகவும், அந்த மூன்று பேரும் ஒரே பள்ளியில் படிப்பதாகவும் சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைமை அலுவலகத்தில் உறையில் போடும்போது இரண்டு மிர்சினி தாளும் ஊர் மாறிவிட்டது. உங்கள் கிளைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆக, தீர்ந்தது. பெரியப்பாவிடம் தாள் மாறிவிட்டது என்று மட்டும் சொல். உன் தாள் இங்கே என் மேஜை மேல்தான் இருக்கிறது. இந்த உறையில் அதை வைக்கவில்லை. உனக்கு எதற்கு அது? நீ என்ன ஆகப்போகிறாய் என்பது ஊருக்கே தெரியும். தாளா வந்து ஆட்டுக்கு ஊசி போடப்போகிறது?

வெயில் வந்துவிட்டது. நேற்று கடலில் கால் நனைத்தேன். சீஸுக்கு நன்றி.

சினி

ஐயோ. முழுவதும் படித்துப் பார்த்தேன். எண்பத்தொன்று என்று எழுதிவிட்டேன். பேனாவில் பின்னால் போகும் பொத்தான் இல்லை. அடித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். போகட்டும். நீ அதைக் கவனிக்கவில்லை.


லெம்னோஸ்,
மே 18

சினி,

கவனித்தேன்.

போன தடவை மாமாவிடம் என் கடிதத்தைக் கொடுத்துவிட்டு உன் முதல் கடிதத்தை வாங்கினேன். துறைமுகத்திலேயே நின்று படித்தேன். கடற்காகம் வந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கப்பல் கயிறு கட்டும் இரும்புத் தூண்மேல் உட்கார்ந்து சிரித்தேன். சுங்க அதிகாரி வந்து உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உன்னையும் திட்டவில்லை. உன் அப்பாவைத்தான் திட்டினார், பெயரை அவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று. அப்புறம் சொன்னார், “சரி, தாள் மாறிப்போச்சு. அப்ப சரியான தாள் எங்க?”

அதுதான் என் கேள்வியும்.

மனிதவியல் எண்பத்தொன்று. அது என் தாள். சுகாதாரம் எவ்வளவு? அதை நீ எழுதவில்லை. எதையும் எழுதாமல் விடுபவள் இல்லை நீ. எதிர்வீட்டுக் கிழவரின் மூக்கைப் பற்றி எழுத இடம் இருந்தது, இதற்கு இல்லை.

என் நன்மைக்காகத்தான் மறைக்கிறாய் என்று தெரிகிறது. அப்பாவும் என் நன்மைக்காகத்தான் அறைகளைக் கொடுக்கப் பார்க்கிறார். அந்த மென்பொருளும் என் நன்மைக்காகத்தான் கேள்வி கேட்டது. எல்லோருக்கும் என் நன்மை தெரிகிறது. என்னிடம் யாரும் காட்ட மாட்டேன் என்கிறீர்கள்.

நான் உன்னைவிட மெதுவானவள்தான். உடைந்துபோகிறவள் இல்லை.

தாளை அடுத்த கப்பலில் அனுப்பு. சுகாதார வகுப்பில் இன்னும் இரண்டு இடம்தான் இருக்கிறது. அப்பா வெள்ளிக்கிழமை டியூஷனுக்குப் போகிறார்.

இந்த முறை சீஸ் இல்லை.

மிர்சோ


கவாலா,
மே 21

மிர்சோ,

சீஸ் இல்லாத உறையைக் கையில் வாங்கியபோதே கனம் தெரிந்துவிட்டது.

தாள் இதோடு இருக்கிறது. மடிக்கவில்லை, ஓரம் கிழிக்கவில்லை. குராபியே சர்க்கரை கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது அம்மா கை.

சுகாதாரம் இருபத்திரண்டு. கடற்காகத்தைவிட நீ பதின்மூன்று அதிகம் என்று சொல்லிச் சிரிக்க வைக்கலாமென்று எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ சொன்னது சரி. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கோபம் வந்தது. எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று பயந்து, உனக்குப் பதிலாக நானே முடிவு செய்துவிட்டேன். அந்த வடக்கத்தி மென்பொருள் அத்தனை கேள்வி கேட்ட பிறகுதான் முடிவு செய்தது. நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அதனால் இப்போது ஒன்று கேட்கிறேன். கடைசிப் பத்தியைப் பார். ‘இரத்தம், காயம் ஆகியவற்றைக் கண்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா என்ற கேள்விக்கு, சிறிதும் இல்லை என்று மாணவர் பதிலளித்துள்ளார். ஆயினும் இப்பதிலை அளிக்க ஐம்பத்திரண்டு நிமிடங்கள் எடுத்துக்கொண்டுள்ளார். இத்தகைய நீண்ட தயக்கம் ஆழ்ந்த மனப்போராட்டத்தைக் காட்டுகிறது. பதில் நம்பத்தக்கதன்று. சுகாதாரப் பிரிவைத் தவிர்ப்பது நலம்.’

பொருளாதாரம், சுகாதாரம் இரண்டிலும் ஆதாரம் இருக்கிறது. இந்தப் பத்தியில்தான் இல்லை. மிர்சோ, மற்றக் கேள்விக்கெல்லாம் நீ அரை நிமிடம்கூட எடுக்கவில்லை, அதையும் அதுவே போட்டிருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் என்னடி செய்துகொண்டிருந்தாய்? தூங்கிவிட்டாயா? கரண்ட் போய்விட்டதா? அல்லது உண்மையாகவே உனக்குப் பயமா? பயம் என்றால் பயம் என்று சொல். நான் சிரிக்க மாட்டேன். இதற்கு மட்டும் சிரிக்க மாட்டேன்.

வீட்டில் நான் வக்கீல் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். அம்மா காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அப்புறம், “குராபியே தின்னவங்க யாரும் திருப்பித் தரப் போறதில்ல. விடு” என்றாள். அப்புறம், “கிழவருக்கு நீ சொன்ன ஆலோசன பலிச்சிருச்சாம், வாடகையக் கொறச்சுட்டாங்களாம்” என்றாள். அப்புறம், “அடுத்த தடவ அந்தக் கேள்விக்கெல்லாம் நீயே பதில் சொல்லு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். எனக்கும் தெரியணும்ல, யாரப் பெத்திருக்கேன்னு” என்றாள். போனை இன்னும் தரவில்லை. ஆனால் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். அலமாரிக்குள் ஒயர் போவதைப் பார்த்தேன்.

உடனே எழுது. காற்று கிளம்பினால் நான் நீந்தி வந்துவிடுவேன்.

சினி


லெம்னோஸ்,
மே 25

அன்புள்ள சினி,

பெரிய கூடை அனுப்பியிருக்கிறேன். மேலே சீஸ், கீழேயும் சீஸ். மாமாவிடம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன், அவரை நம்பாதே.

உன் உறையைத் துறைமுகத்தில் பிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, கை கழுவி, உட்கார்ந்து பிரித்தேன். இருபத்திரண்டைப் பார்த்தேன். சர்க்கரையைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். அப்புறம் கடைசிப் பத்தி.

ஐம்பத்திரண்டு நிமிடம்.

எனக்கு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று, ஏனென்றால் அதை நான் தயக்கம் என்று நினைத்ததே இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமையலறை மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த ரத்தக் கேள்வி திரையில் வந்தது. வாசலில் பக்கத்து வீட்டு பரஸ்கோஸ் மாமா அப்பாவைப் பெயர் சொல்லிக் கத்தினார்.

“கொம்னினோ! சீக்கிரம் வாய்யா! ஆடு செத்துரும்போல இருக்கு!”

அப்பா ஓடினார். நானும் ஓடினேன். பருவம் தப்பிச் சினையான ஆடு. குட்டியின் தலையும் ஒரு காலும் வெளியே தெரிந்தது, இன்னொரு கால் உள்ளே மடங்கிக்கொண்டுவிட்டது. கால்நடை மருத்துவர் தீவின் அந்தக் கோடியில் ஒரு மாட்டோடு இருந்தார். போனில், “யாருக்குக் கை சின்னதா இருக்கு?” என்று கேட்டார். அங்கே இருந்த கைகளில் என் கைதான் சின்னது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். அவர் போனில் சொல்லச் சொல்ல, குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, காலைத் தேடினேன். கண்ணால் பார்க்க முடியாது, சினி. விரலால்தான் பார்க்க வேண்டும். இது முட்டியா, தோளா, இது அதனுடைய காலா, இல்லை இன்னொரு குட்டியின் காலா என்று. ஆடு ஒவ்வொரு முறை முக்கும்போதும் என் கை நசுங்கும். கடைசியில் குளம்பு அகப்பட்டது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சு இல்லை. வைக்கோலால் தேய்த்தேன். தும்மியது.

பரஸ்கோஸ் மாமா அழுதார். நான் வீட்டுக்கு வந்து கை கழுவினேன். சாப்பாடு சூடாக்கிச் சாப்பிட்டேன். கணினித் திரையில் அதே கேள்வி நின்றிருந்தது. ‘இரத்தம் கண்டால் சங்கடமாக இருக்குமா?’ சிறிதும் இல்லை. அழுத்தினேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஆழ்ந்த மனப்போராட்டம் ஆட்டுக்குத்தான் நடந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். ஜன்னல் கதவுகளுக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். மனிதவியல் என்று கேட்டதும், “சரி, டீச்சர் ஆயிடு. இங்கயே வேல கிடைக்கும்” என்றார். நான் கடைசிப் பத்தியைச் சத்தமாக வாசித்தேன். தேதியையும் வாசித்தேன், அது மேலேயே அச்சாகியிருக்கிறது.

அப்பாவின் தூரிகை நின்றுவிட்டது.

“அந்த ஞாயித்துக்கெழமையா?”

“ஆமா.”

“நீ பாட்டுக்குக் கைய உள்ள விட்டுக்கிட்டு... அப்பவா?”

“ஆமாப்பா.”

“அன்னிக்கு நடந்தத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்ல.”

“ஆட்டப் பத்தி மட்டும்தான் சொல்லுவேன்ப்பா. உங்களப் பத்திச் சொல்ல மாட்டேன்.”

அவர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அப்புறம் என்னிடம் இல்லாமல் ஜன்னலிடம் பேசுவதுபோல் சொன்னார்.

“ரூம் புக்கிங் பாக்க ஆள் கெடைப்பாங்க. அதுக்காக இல்லடி. அஞ்சாறு வருஷம் வெளியூர்ல படிக்கப் போறவங்க, திரும்பி இந்தக் காத்துக்கு வர்றாங்களா? அந்த மெஷின் வேணாம்னு சொன்னப்ப, எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“ஆடெல்லாம் இங்கதானப்பா இருக்கு” என்றேன்.

இவ்வளவுதான் நான் பேசினேன். அப்பாவிடம் நான் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு இது. ஒரே வரி. உனக்கு இது பேச்சாகவே தோன்றாது.

வெள்ளிக்கிழமை இருவரும் டியூஷனுக்குப் போனோம். நீல வண்ணம் அப்பாவின் விரல்களில் அப்படியே இருந்தது. அலுவலகம் நிறையக் கூட்டம். பெற்றோர்கள், பிள்ளைகள், காபிக்காரப் பையன் எல்லோரும் நின்றார்கள். அப்பா வரிசையை இடித்துக்கொண்டு போய், “சுகாதாரப் பிரிவு. வூர்லா, மிர்சினி” என்றார். கடைசி இடம் அது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சார், யோசிச்சுக்குங்க. திசைகாட்டி உங்க பொண்ணுக்கு இருபத்திரண்டுதான் குடுத்திருக்கு. ரத்தம்னா ரொம்பத் தயங்குதுன்னு தெளிவா எழுதியிருக்கு. நாளைக்கு எங்களக் குத்தம் சொல்லக் கூடாது.”

“அது எழுதும்” என்றார் அப்பா. “அது அன்னிக்கு அங்க இல்லம்மா. நான் இருந்தேன்.”

“இருந்து நீங்க என்ன பண்ணீங்க?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

“செவுத்தப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தேன்” என்றார். “கையெழுத்து எங்க போடணும்?”

மிர்சோ